தவில் மேல் விழுந்த பொன்னாடை

பிப்ரவரி 11, செவ்வாய் (தைப்பூசம்)

இன்று சாயங்காலம் முருகன் கோயில் மேடையில் ஏறி, நடந்துகொண்டிருந்த நாதஸ்வரக் கச்சேரியைக் கெடுத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

எங்கள் செம்மங்குறிச்சியில் பொன்னாடை என்றால் நல்லசிவம் கடை. சைக்கிளில் துண்டு மூட்டை கட்டி விற்க ஆரம்பித்தவன் நான், இன்று மூன்று ஜில்லாவுக்குப் பொன்னாடை மொத்த வியாபாரம். கோயில் கமிட்டிக்கு வருஷா வருஷம் நான்தான் கொடுக்கிறேன். உபயதாரர்களில் ஒருவனாகவும் இருக்கிறேன். உபயம் கொடுத்தவர் ஒவ்வொருவரும் மேடை ஏறிக் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவது இங்கே வழக்கம். கச்சேரி பாட்டுக்கு ஒரு பக்கம் நடக்கும், இது ஒரு பக்கம் நடக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கச்சேரியைக்கூட நான் உட்கார்ந்து கேட்டதில்லை. பொன்னாடை போர்த்தும்போது கரை வெளியே தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

இன்று மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். நான் படியேறும்போது தவில் வேகமெடுத்தது. அப்படி ஒரு வேகம். கல்யாண வீட்டில் இதற்கு என்ன அர்த்தம்? கெட்டிமேளம் கொட்டினால் தாலி கட்டு என்று அர்த்தம். எனக்காகத்தான் கொட்டுகிறார்கள், போர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நேராகப் போய் தவில்காரர் கிளியூர் சாரங்கபாணி மேல் போட்டேன்.

அது தோளில் நிற்கவில்லை. வலது கையில் விழுந்தது. அவர் விரல்களில் மாட்டியிருந்த உறைகளில் ஜரிகை சிக்கிக்கொண்டு, துணி மொத்தமும் தவில் மேல் சரிந்தது. சத்தம் அறுந்தது. கடைவீதியில் கரண்ட் போனால்கூட அவ்வளவு நிசப்தம் வராது.

சாரங்கபாணி என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு விரலாகத் துணியை விடுவித்தார். மடித்துப் பக்கத்தில் வைத்தார். கும்பிட்டார். நாதஸ்வரக்காரர் அரசவனம் செல்வகணபதி அவரைப் பார்த்துவிட்டு, நேராக மங்களம் வாசித்து முடித்துவிட்டார்.

இறங்கி வரும்போது மருந்துக்கடை மங்கையர்க்கரசி எதிரே நின்றது. கூட ஏழெட்டுப் பேர், எல்லார் முகமும் சாவு வீட்டு முகம். “அண்ணே, தாலி கட்ட வேற எடமே கெடைக்கலையா ஒங்களுக்கு?” என்றது.

ஜரிகை நல்ல ஜரிகை. அதனால்தான் சிக்கியது.

பிப்ரவரி 12, புதன்

கடைக்கு நிறையப் பேர் வந்தார்கள். வாங்குவதற்கு இல்லை, என்னைப் பார்ப்பதற்கு.

பிப்ரவரி 14, வெள்ளி

கமிட்டித் தலைவர் ரைஸ்மில் கதிரேசன் போன் செய்தார். பங்குனி உத்திரத்துக்கும் இதே செட்டுக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்களாம். அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். செம்மங்குறிச்சிக்கு இனி வருவதாக இல்லை என்று சாரங்கபாணி சொல்லிவிட்டாராம்.

வேறு செட்டைப் பிடியுங்கள் என்றேன். அவரும் அதையேதான் நினைத்திருந்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று போனை வைத்தேன்.

முடியவில்லை. சாயங்காலம் மங்கையர்க்கரசியும், வேன் வைத்திருக்கிற லூர்துசாமியும் கடைக்கு வந்தார்கள். இவர்கள் எல்லாம் ஒரு கோஷ்டி. பதினைந்து இருபது பேர். எந்த ஊரில் சாரங்கபாணி வாசித்தாலும் லூர்துசாமி வேனில் ஏறிப் போய்விடுவார்கள். டாக்டர் வீட்டம்மா உண்டு, டயர் கடைக்காரர் உண்டு, லூர்துசாமி மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்துகொண்டே இதிலும் இருக்கிறார். எங்கள் ஊரில் சாரங்கபாணி வாசிப்பது வருஷத்துக்கு இரண்டு தடவைதான். அதில் ஒன்றை நான் பாதியில் வெட்டிவிட்டேன், இன்னொன்றை வராமலே செய்துவிட்டேன். பங்குனி உத்திரத்துக்கு நீங்கள்தான் அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

நான் வியாபாரி. சேதாரம் என்ன என்று தெரியாமல் ஈடு கட்ட மாட்டேன். உங்களுக்கு என்ன நஷ்டம், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். லூர்துசாமி சொல்ல ஆரம்பித்தார். கோர்வை என்றார், மூன்றாவது தடவை என்றார், கையை மேலே தூக்கினார், கண்ணை மூடினார், அப்புறம் சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

மங்கையர்க்கரசி சொன்னது: “சொன்னா வெளங்காதுண்ணே. ஒரு நா வந்து ஒக்காருங்க.”

பிப்ரவரி 16, ஞாயிறு

எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. பேரூராட்சி ஆபீசில் ஒருவர், “வாங்க கெட்டிமேளம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

லால்குடிப் பக்கம் ஒரு கோயில் கும்பாபிஷேகம். வேனில் போனேன். அந்தப் பக்கம் பொன்னாடை ஆர்டர் கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனேன் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

வேனில் என்னை யாரும் ஒதுக்கவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. புளியோதரைப் பொட்டலம் என் மடியிலும் ஒன்று விழுந்தது. வழி முழுக்கச் சண்டை: போன மாதம் பேராவூரணியில் வாசித்தது பெரிதா, அதற்கு முந்தின வாரம் ஆடுதுறையில் வாசித்தது பெரிதா. டயர் கடைக்காரர் வேன் கம்பியில் தட்டியே இரண்டையும் வாசித்துக் காட்டினார். டாக்டர் வீட்டம்மா அது தப்பு என்று முன்சீட்டின் முதுகில் தட்டிக் காட்டினார்கள். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்.

கச்சேரியில் முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மேடையில் போர்த்திய பொன்னாடைகளைப் பார்த்தேன். சூரத்து மட்ட ரகம், ஒரு சலவைக்குத் தாங்காது. பிறகு எங்கள் வரிசையில் எல்லார் கையும் ஒரே மாதிரி அசைவதைப் பார்த்தேன். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். மறுபடி தட்டு, உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. திரும்ப முதலிலிருந்து. எட்டு எண்ணிக்கை, அவ்வளவுதான். நானும் செய்து பார்த்தேன். வீச்சில் என் கை லூர்துசாமியின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவர் கண்ணாடியைக் குனிந்து எடுத்தார். எடுக்கும்போதும் இன்னொரு கையில் தாளம் நிற்கவில்லை.

இங்கே வாசித்தது சாரங்கபாணி இல்லை, வேறொருவர். சாரங்கபாணி சிவராத்திரிக்குக் கும்பகோணம் பக்கம் வாசிக்கிறாராம். எனக்கு அன்று சேலத்தில் வேலை இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன் (சிவராத்திரி)

சேலம் வேலையைத் தள்ளிப்போட்டேன்.

ஆறு மணிக்கே போய்விட்டோம். அவர் கண்ணில் படக்கூடாது என்று நான் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தேன். மங்கையர்க்கரசி பார்த்துவிட்டு, “தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சா தாளம் எப்படித் தெரியும், முன்னாடி வாங்க, அவரு ஒண்ணும் கடிக்க மாட்டாரு” என்று இழுத்துக்கொண்டு போனது.

செல்வகணபதி தோடி வாசித்தார். எனக்கு ராகம் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் சொன்னார். பிறகு அவர் நாதஸ்வரத்தைக் கீழே வைத்துவிட்டு, தவில்காரர்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். இனி தவில் தனியாக. கூட்டம் மொத்தமும் முன்னால் நகர்ந்தது. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு வந்தார்கள்.

சாரங்கபாணி மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பேசுகிற மாதிரி. இவர் ஒன்று சொல்ல, பக்கத்துத் தவில் பதில் சொல்ல, இவர் அதையே கொஞ்சம் மாற்றிக் கிண்டலாகத் திருப்பிச் சொல்ல. பேரம் பேசுகிற இருவர் மாதிரி இருந்தது. இது எனக்குப் புரிந்தது. யார் இறங்கி வருகிறார், யார் பிடிவாதம் பிடிக்கிறார், யார் விட்டுக்கொடுப்பது போல நடிக்கிறார், எல்லாம் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னோடு இன்னும் நூறு பேர் அதே இடத்தில் சிரித்தார்கள்.

பிறகு வேகம். இப்போது கை எண்ணிக்கொண்டிருந்ததால் பயமில்லை. ஒரு நீளமான கணக்கை எடுத்தார், கோர்வை என்பது இதுதானாம். எட்டைத் தாண்டி எங்கெங்கோ போகிறது, தட்டு விழுகிற இடத்தில் அவர் இல்லை, வீச்சில் இல்லை, ஆள் தொலைந்தே போய்விட்டார் என்று நினைக்கும்போது சரியாக வந்து நின்றார். முதல் தடவை என்றார் பக்கத்தில் இருந்தவர். மறுபடி அதே கணக்கு. இரண்டு. மூன்றாவது தடவை ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆயிரம் கை ஒன்றாகத் தட்டுகிறது, ஒன்றாகத் திரும்புகிறது. கடைசி அடியும் எங்கள் எல்லார் தட்டும் ஒரே நொடியில் விழுந்தன. நாதஸ்வரம் அந்த நொடியிலேயே எடுத்துக்கொண்டது.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரிய மீசைக்காரர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்றார். பார்த்தேன், பார்த்தேன் என்று நானும் அவர் முதுகில் தட்டினேன். அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. ஆயுளில் முதல் தடவையாக ஒருவரிடம் என்ன தொழில் என்று கேட்காமல் பேசியிருக்கிறேன்.

அப்போதுதான் உறைத்தது. தைப்பூசத்தில் நான் மேடை ஏறியது மூன்றாவது தடவையில்.

பிப்ரவரி 27, வியாழன்

பங்குனி உத்திரத்துக்கு அவரைக் கொண்டுவருவது என் வேலை. ஊரில் என் பெயர் கெட்டிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும், வியாபாரத்துக்கு நல்லது. அதற்காகத்தான்.

மார்ச் 3, திங்கள்

கல்லாவில் உட்கார்ந்து தாளம் போடுகிறேனாம். என் வீட்டுக்காரி பூங்கோதை சொன்னாள். முசிறியிலிருந்து வந்த வாடிக்கைக்காரர் விலை கேட்டபோது நான் விரலை மடக்கி மடக்கி எண்ணியதைப் பார்த்து, ஏதோ தள்ளுபடி போடுகிறேன் என்று காத்திருந்தாராம். கடைசியில் கையை வீசியதும், வேண்டாம் போ என்கிறேன் என்று நினைத்து எழுந்துவிட்டாராம். கூப்பிட்டு உட்காரவைத்து விலை சொன்னேன். கொஞ்சம் குறைத்துத்தான்.

ராத்திரி சாப்பாட்டில் பூங்கோதை, அந்த வேனில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். மருந்துக்கடைக்காரியுமா என்றாள். ஆமாம் என்றேன். சரி, வியாழக்கிழமைக் கச்சேரிக்கு நானும் வருகிறேன் என்றாள். உனக்கு அங்கே என்ன என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

குளித்தலைப் பக்கம் கச்சேரி. பூங்கோதை முதல் அரை மணி மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். அடுத்த அரை மணி மேடையைப் பார்த்தாள். அதற்கப்புறம் யாரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிவிட்டாள். அவள் கை தொடையில் தாளம் போட்டது, ஒரு இடத்திலும் பிசகவில்லை. எனக்கு மூன்று கச்சேரி ஆனது இதற்கு.

திரும்பும்போது அவளும் மங்கையர்க்கரசியும் பின்சீட்டில். இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. தைப்பூசத்தில் நான் படியேறிய நடையை மங்கையர்க்கரசி உட்கார்ந்தபடியே செய்து காட்டியிருக்கிறது. வேன் முழுக்கச் சிரிப்பு. லூர்துசாமி வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் நானும் பூங்கோதையும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தது பஸ்ஸில் மட்டும்தான்.

மார்ச் 10, திங்கள்

கிளியூர் போனேன், தனியாக. கையில் என்ன கொண்டுபோவது என்று குழப்பம். எந்த வீட்டுக்குப் போனாலும் பொன்னாடை கொண்டுபோவது என் பழக்கம். பூங்கோதை பார்த்த பார்வையில் அதை மேஜையிலேயே வைத்துவிட்டு, வாழைப்பழத் தார் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

சாரங்கபாணி வீட்டு முன்னறையில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எழுந்து நாற்காலி போட்டார், காபி வந்தது. பேரத்துக்கு வருகிறவன் முதலில் எதிராளி கோபத்தை அளக்க வேண்டும். இவரிடம் அளக்க ஒன்றும் இல்லை. அதனால் நான் தயார் செய்துகொண்டு போன பேச்சு எதுவும் உதவவில்லை. சுருக்கமாகச் சொன்னேன்: தெரியாமல் செய்துவிட்டேன், கல்யாண மேளம் என்று நினைத்துவிட்டேன்.

அவர் வாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். உள்ளே கூப்பிட்டு வீட்டம்மாவிடமும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். இனி ஒருவர் பாக்கியில்லை, என் கதை கேட்டுச் சிரிக்க.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

“ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்லீங்க. நீங்க ஒரு ஆளு. எல்லா ஊர்லயும் இதான். போர்த்துறது மரியாதைதான், வேணாம்னு சொல்லல. ஆனா நான் இப்ப வாசிக்கும்போது பாதிக் கண்ணு படிக்கட்டுலயே இருக்கு. யாரு ஏறுறான், எப்ப ஏறுறான்னு. கை தவில்ல, கண்ணு படியில. அப்படி வாசிக்கிறது வாசிப்பு இல்லைங்க. ஒங்க ஊர்ல அன்னைக்கு, ரொம்ப நாள் கழிச்சு, படியை மறந்து வாசிச்சேன். அன்னைக்குப் பாத்து வந்தீங்க.”

நான் கேட்டேன், படியில் யாருமே ஏற மாட்டார்கள் என்றால் வருவீர்களா என்று. கமிட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

கமிட்டி சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்றேன்.

பொன்னாடை வியாபாரி நீங்களா சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி, உங்கள் பொறுப்பில் வருகிறேன், மங்களம் வாசிக்கும்வரை படியில் ஒரு ஆள் ஏறக்கூடாது, ஏறினால் இனி எந்தக் காலத்திலும் செம்மங்குறிச்சி இல்லை என்றார்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் என்ன கொடுத்தேன் என்று யோசித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

கமிட்டிக் கூட்டம். உபயதாரர்கள் ஏறமாட்டோம் என்று சொல்லச் சொன்னேன். கதிரேசன் என்னைத் தன் ரைஸ்மில்லில் கல் கலந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். “மேடை ஏறாம எவன்யா உபயம் குடுப்பான்? நீ குடுப்பியா?” என்று கேட்டார். கொடுத்திருக்க மாட்டேன். அது உண்மை.

கச்சேரி ஆரம்பிக்கும் முன்பே போர்த்திவிடலாம் என்றேன். அப்போது கூட்டமே இருக்காது, யார் பார்ப்பது என்றார்கள். முடிந்ததும் போர்த்தலாம் என்றேன். எல்லாரும் பஸ் பிடிக்க ஓடுவார்கள், யார் பார்ப்பது என்றார்கள். பெரிய உபயம் கல் கிரஷர் பொன்னம்பலத்துடையது, மின் அலங்காரம் முழுக்க அவர் செலவு. அவரிடம் போய் மேடை கிடையாது என்று சொல்ல ஆள் இல்லை.

வெளியே மங்கையர்க்கரசியும் லூர்துசாமியும் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். இரண்டு பேரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

மார்ச் 17, திங்கள்

பன்னிரண்டு மணிக்கு ஒரு கவுன்சிலர் வந்தார், யாருக்கோ போர்த்தப் பொன்னாடை வேண்டும் என்று. கரை எப்படி விழுகிறது பார்க்கலாம் என்று தன் தோளிலேயே போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். கழற்ற மனசே வரவில்லை. பில் போடும்போதும் தோளில்தான் இருந்தது.

முப்பது வருஷமாக இந்தக் கண்ணாடி இங்கேயே மாட்டியிருக்கிறது. இன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. இவர்களுக்குப் போர்த்துவதில் ஆசை இல்லை. போர்த்தப்படுவதில்தான் ஆசை. மேடையில் ஏறுவது அந்த ஒரு நிமிஷப் போட்டோவுக்கு. நான் ஒரு ராத்திரி முழுக்கத் தருகிறேன்.

மார்ச் 19, புதன்

கமிட்டியில் சொன்னது இது. உபயதாரர்களை ஆறு மணிக்கே கோயில் வாசலில் வரவேற்போம். ஒரு சின்ன மேளம், மாலை, அவர்கள் தோளில் பொன்னாடை. அப்படியே அழைத்துவந்து முதல் இரண்டு வரிசையில் உட்காரவைப்போம். எல் ஈ டி திரையில் கச்சேரி முழுக்க முதல் வரிசையையும் மாற்றி மாற்றிக் காட்டுவோம், உள்ளூர் கேபிளிலும் போகும். கலைஞர்களுக்கான பொன்னாடையை மங்களம் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து போர்த்தலாம். மேடையில் ஒரு நிமிஷம் வேண்டுமா, திரையில் மூன்று மணி நேரம் வேண்டுமா?

ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், முதல் வரிசையில் தனக்கு நடு இடம் வேண்டும் என்றார். அங்கேயே முடிந்துவிட்டது பேரம். அடுத்த அரை மணி நேரம் யார் நடுவில் என்பதுதான் சண்டை.

கதிரேசன் வெளியே வந்து என்னைத் தனியாக நிறுத்தினார். இப்போது கலைஞருக்கும் பொன்னாடை, உபயதாரருக்கும் பொன்னாடை, இரண்டும் உன் கடையில்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? பங்குனி வெயிலுக்கு மெல்லிசாக நெய்யச் சொல்லிச் சேலத்துக்குப் போன் போட்டாயிற்று.

பொன்னம்பலம் மட்டும் பெங்களூரில் இருக்கிறார். உத்திரத்தன்று நேராக வருவாராம். விஷயத்தை யார் சொல்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சாரங்கபாணி செட்டோடு பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து அட்வான்ஸ் மறுபடி போய்ச் சேர்ந்தது. மங்கையர்க்கரசி எனக்கு ஒரு தைல பாட்டில் கொடுத்தது, இலவசமாக. தொடையில் தடவிக்கொள்ளுங்கள், தாளம் போட்டுப் போட்டு வீங்கியிருக்கும் என்றது. உண்மையிலேயே வீங்கித்தான் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி (பங்குனி உத்திரம்)

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

ஆறு மணிக்கு வாசலில் மேளம், மாலை, பொன்னாடை. உபயதாரர்கள் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள், கதிரேசன் கையால். திரையில் என் முகம் வந்தபோது பின்னால் யாரோ “கெட்டிமேளம்” என்று கத்தினார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன்.

வியர்வை கொட்டுகிறது. ஒருவரும் பொன்னாடையைக் கழற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை, எந்த நேரம் கேமரா திரும்புமோ என்று. இவர்கள் இத்தனை வருஷமாக மேடை ஏறி இறங்கியதும் டீ குடிக்கப் போனவர்கள். இன்று உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. செல்வகணபதி காம்போதி வாசித்து முடித்தபோது கதிரேசன் என் பக்கம் சாய்ந்து, “இதெல்லாம் எப்பவும் இப்படித்தான் வாசிப்பாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன், ஏதோ பிறந்ததிலிருந்து கேட்கிறவன் மாதிரி.

மேடைப் படியைப் பார்த்தேன். பூங்கோதை, மங்கையர்க்கரசி, டாக்டர் வீட்டம்மா, இன்னும் பத்துப் பெண்கள் பாய் விரித்து ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லவில்லை. கேட்டால், கீழே இடம் இல்லை என்கிறாள் பூங்கோதை. பந்தலில் பாதி இடம் காலி.

தவில் தனியாக ஆரம்பித்தது. பேச்சு, பதில், கிண்டல். முதல் வரிசையில் ஜவுளிக் கடைக்காரர் தொடையில் கை விழ ஆரம்பித்தது, அப்புறம் அவர் பக்கத்தவருக்கு. தப்பும் தவறுமாகத்தான், ஆனால் விழுந்தது. வேகமெடுக்கிற நேரத்தில் வாசலில் கார் கதவு சத்தம். பொன்னம்பலம். வெள்ளை வேட்டி, பின்னால் நாலு பேர், ஒருவர் கையில் தட்டு, தட்டில் பொன்னாடை. நேராக மேடைப் பக்கம் நடக்கிறார்.

எழுந்து போனேன். கால் ஓடச் சொல்கிறது, ஓடினால் எல்லாரும் திரும்புவார்கள் என்று நடந்தேன். சாரங்கபாணி கோர்வையை எடுத்துவிட்டார். முதல் தடவை.

பொன்னம்பலம் படிக்கு வந்து நின்றுவிட்டார். பதின்மூன்று பெண்கள் கண்ணை மேடை மேல் வைத்துக்கொண்டு தாளம் போடுகிறார்கள். தாண்ட இடம் இல்லை, எழுந்திருங்கள் என்று பெண்களிடம் சொல்ல வாய் வரவில்லை. என்ன இது என்பது போல என்னைப் பார்த்தார். இரண்டாவது தடவை ஆரம்பித்தது.

வாசலில் வரவேற்கக் கமிட்டி ஆள் யாரும் இல்லை. எல்லாரும் முதல் வரிசையில் தாளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூடுதல் பொன்னாடை கடையில் இருக்கிறது. ஒன்றும் யோசிக்கவில்லை. என் தோளில் இருந்ததைக் கழற்றினேன், வியர்வையோடு. அவர் தோளில் போட்டேன். இம்முறை நின்றது. கையைப் பிடித்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். திரையில் அவர் முகம் வந்தது, பெரிதாக. பார்த்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து மடிப்பைச் சரிசெய்துகொண்டார். தட்டு வைத்திருந்தவரைக் கையால் பின்னால் போகச் சொன்னார்.

மூன்றாவது தடவை.

நான் நாற்காலி ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாரங்கபாணி முகத்தை மட்டும் பார்த்தேன். கண் மூடியிருந்தது. படிப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கணக்கு எங்கெங்கோ போய், தொலைந்து, தேடி, திரும்பி, கடைசி அடி எங்கள் ஊர்ப் பந்தலில் இருந்த எல்லார் தட்டோடும் சேர்ந்து விழுந்தது. பூங்கோதை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு படியில் எழுந்து நின்றாள். லூர்துசாமி அழுதார். கதிரேசன் நாற்காலி மேல் ஏறி நின்றார், பொன்னாடையோடு. பொன்னம்பலம் என் தோளைப் பிடித்து உலுக்கி, “யோவ், என்னய்யா இது, என்னய்யா இது” என்றார்.

அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் வாசித்தார்கள். மங்களம் முடிந்து எல்லாரும் சேர்ந்து போர்த்தியபோது, நான் மட்டும் மேடை ஏறவில்லை. பயம்தான்.

ஏப்ரல் 12, சனி

காலையில் ரயிலுக்குப் போகும் வழியில் சாரங்கபாணி கடைக்கு வந்தார். பொன்னாடை எதையும் பார்க்கவில்லை, என் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டார். பூங்கோதை டிபன் கொடுத்தாள். இரண்டாவது தோசை சாப்பிடும்போது, அடுத்த வருஷத்துக்குப் பேசிவிடலாமா என்று அவரே ஆரம்பித்தார்.

பேரம் நடந்தது. தொகையைக் கூட்ட நான் தயாராயிருந்தேன், அவர் கூட்டவில்லை. மற்றதில் எல்லாம் இறுக்கிப் பிடித்தார். பூங்கோதை அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

முடிவானது: அடுத்த பங்குனி உத்திரம், மாலை ஆறரைக்கு ஆரம்பம். செட்டுக்கு அறுபதாயிரம், வண்டிச் சத்தம் தனி. படியில் பெண்கள் உட்காருவார்கள். மங்களத்துக்கு முன்னால் யார் மேடை ஏறினாலும் அந்த இடத்திலேயே கச்சேரி முடிந்தது, தொகை முழுசாகத் தர வேண்டும். ஏறுவது நானாக இருந்தால் இரண்டு மடங்கு.

கை கொடுத்தேன்.